கேள்வி-பதில்: கப்பிக்கு அப்பா யார்?

கேள்வி: சென்னைப் பண்ணை ஒன்றில் சிவப்புக் கண் ஆல்பினோ, டம்போ காது (காதுபோல் பெரிய பக்கத் துடுப்பு) கப்பி மீன் ஒரு ஜோடி, 1,800 ரூபாய்க்கு வாங்கினேன். 'ரெண்டும் ரெசசிவ், குட்டி எல்லாம் அப்படியே வரும்' என்றார்கள். 34 குட்டிகள், அத்தனைக்கும் கறுப்புக் கண். கேட்டால் உங்கள் தண்ணீர் சரியில்லை என்கிறார்கள்.
- வாசகர், திருப்பாதிரிப்புலியூர்

பதில்: தண்ணீரால் கண் நிறம் மாறாது. உங்களை நன்றாக ஏமாற்றியிருக்கிறார்கள்.

ஆல்பினோ ஒடுங்கு பண்பு, அதாவது ரெசசிவ். பத்தாம் வகுப்பில் மெண்டலின் குட்டைப் பட்டாணி படித்தோமே, அதே கணக்கு. ஒரே ஆல்பினோ வகையில் தாய்க்கும் தகப்பனுக்கும் சிவப்புக் கண் என்றால் குட்டிக்கும் சிவப்புதான். கறுப்பு வந்தால் அப்பா வேறு ஆள். பெண் கப்பி ஒருமுறை சேர்ந்த ஆணின் விந்தை மாதக்கணக்கில் வைத்திருந்து அடுத்தடுத்துக் குட்டி போடும். கலப்புத் தொட்டியில் கிடந்த பெண்ணைப் பிடித்து, ஓர் ஆணோடு கவரில் போட்டு, 'ஜோடி' என்று உங்கள் தலையில் கட்டிவிட்டார்கள். எனக்குப் பற்றிக்கொண்டு வருவது இந்த ஒரு சொல்லில்தான். ஒரே கவரில் போட்டால் ஜோடியா? குட்டியிலேயே பிரித்து வளர்த்த பெண்ணா என்று கேளுங்கள். 'ஆமாம்' என்பதை வாட்ஸப்பில் எழுத்தாக வாங்குங்கள். காது பெரிதாகத் தெரிய வாரக்கணக்கில் ஆகும், அதற்குள் விற்றவர் போனை எடுக்கமாட்டார். கண் பிறந்த அன்றே காட்டிக்கொடுக்கும், அன்றே படம் எடுத்துவிட வேண்டும்.

அவர்கள் சொன்னது எழுத்தில் இருந்தால் நுகர்வோர் உதவி எண் 1915-ஐக் கூப்பிடுங்கள். மசியவில்லையா, கடலூர் மாவட்ட நுகர்வோர் ஆணையத்திலேயே வழக்குப் போடலாம். 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி நீங்கள் குடியிருக்கும் ஊர் போதும். பொருளுக்குக் கொடுத்த பணம் 5 லட்சம் ரூபாய் வரை என்றால் வழக்குக் கட்டணம் இல்லை. இரண்டு ஆண்டுக்குள் போட வேண்டும்.

அப்புறம், அந்தக் குட்டிகளைத் தூக்கிப்போடாதீர்கள். தாய் ஆல்பினோ என்பதால் எல்லாமே கேரியர், கண் கறுப்பானாலும் ஆல்பினோ மரபணுவைச் சுமப்பவை. அவற்றுக்குள் சேர்த்தால் ஏறக்குறைய நாலில் ஒன்று சிவப்புக் கண்ணோடு வரும்.

கேள்வி: நீளத் துடுப்பு ரிப்பன் கப்பி ஆண் நான்கு வாங்கி மூன்று மாதம் ஆகிறது. ஒரு குட்டிகூட இல்லையே?
- வாசகி, லாஸ்பேட்டை

பதில்: இருக்காது. ரிப்பனில் எல்லாத் துடுப்பும் நீளும், சேர்க்கைக்கு உதவும் அடித்துடுப்பும் சேர்த்துத்தான். அதனால் அந்த ஆணால் சேர முடியாது. அதே ஈற்றில் பிறந்த குட்டைத் துடுப்புத் தம்பிதான் குடும்பத்தை நடத்துவான். கடைக்காரர் அவனை அழகில்லை என்று மலிவுத் தொட்டியில் தள்ளியிருப்பார், போய்க் கேளுங்கள். நானும் இப்படி இரண்டு ஆணுக்கு 900 ரூபாய் கொடுத்து, தீனி மாற்றி, உப்புப் போட்டு, தினமும் விளக்கு அணைத்துத் தனிமைகூட ஏற்படுத்திக் கொடுத்தவன்தான்.

கேள்வி: பார்சல் வந்தபோது கல்யாணத்துக்குப் போயிருந்தோம். மறுநாள் பிரித்தால் ஆறில் ஐந்து செத்திருந்தன. பணம் திரும்ப வருமா?
- வாசகர், மஞ்சக்குப்பம்

பதில்: வராது. மீன் வரும் தேதி தெரிந்தும் ஊருக்குப் போனது நீங்கள்.

கேள்வி: இணையத்தில் படம் பார்த்து 2,500 ரூபாய் அனுப்பினேன். பிளாக் செய்துவிட்டார்.
- வாசகர், வில்லியனூர்

பதில்: இதைப் படிப்பதை நிறுத்திவிட்டு சைபர் மோசடி உதவி எண் 1930-க்குப் போன் போடுங்கள்.

கேள்வி: கப்பித் தொட்டிக்கு ஹீட்டர் கட்டாயம் என்கிறார் கடைக்காரர். வாங்கலாமா?
- வாசகி, அரியாங்குப்பம்

பதில்: நம் ஊர்ச் சித்திரையிலா? என்னிடம் பெட்டி பிரிக்காத ஒன்று இருக்கிறது, இலவசமாகத் தருகிறேன்.