குறிச்சொல் நூலகத்தில் புதிய வசதி: எப்போது சேர்ப்பது?

கேள்வி: சிறு தேயிலைத் தோட்ட உரிமையாளர்களிடம் கொழுந்து வாங்கும் நிலையங்களுக்காக, ஜாங்கோ சட்டகத்தில் (இணையச் செயலிகளை எழுத உதவும் ஆயத்த நிரல் தொகுப்பு) ஓர் இணையச் செயலியை உருவாக்கியிருக்கிறோம். நாங்கள் ஐந்து பேர். வார்ப்புருக்களில், அதாவது பக்கங்களின் முன்வடிவங்களில், ஒரு வேலையைச் சுருக்கமாக அழைக்கப் பயன்படும் குறிச்சொற்களின் எங்கள் சொந்த நூலகம் என் பொறுப்பில் இருக்கிறது. வாரந்தோறும் யாராவது புதிய ‘டேக்’ கேட்கிறார்கள். மறுத்தால் மனத்தாங்கல் வருகிறது. சேர்த்தால் நூலகம் பெருத்துக்கொண்டே போகிறது. எதை வைத்து முடிவு செய்வது?
– வாசகர், ஹட்டன்

பதில்: கேட்பவர் யார் என்று பார்க்காமல், அவர் கேட்கும் வேலை ஏற்கெனவே எத்தனை பக்கங்களில் கையால் எழுதப்பட்டிருக்கிறது என்று பாருங்கள். “பின்னால் தேவைப்படும்” என்பதை நான் காரணமாக ஏற்பதில்லை. மூன்று வார்ப்புருக்களில், அதுவும் வெவ்வேறு ஆட்கள், ஒரே துண்டை ஏறத்தாழ ஒரே விதமாக எழுதியிருந்தால்தான் அந்தத் தேவை முற்றியிருக்கிறது என்று கொள்வேன். அதற்கு முன் சேர்த்தால், ஒருவருடைய அன்றைய அவசரத்துக்கு ஏற்ற வடிவமே எல்லோருக்கும் உரிய வடிவமாக நிலைத்துவிடும்.

நான் இவ்வளவு தயங்குவதற்குக் காரணம், சேர்ப்பது அரை நாள் வேலையாக இருக்க, எடுப்பது ஆண்டுக்கணக்கில் இழுப்பதுதான். ஜாங்கோவின் தொடக்க காலத்தில் ‘இஃப்’ குறிச்சொல்லால் இரண்டு மதிப்புகளை ஒப்பிட இயலாது. அதற்கென ‘இஃப்ஈக்குவல்’, ‘இஃப்நொட்ஈக்குவல்’ என்று இரண்டு தனிக் குறிச்சொற்கள் இருந்தன. 2010 மே மாதம் வந்த 1.2 பதிப்பில் ‘இஃப்’ குறிச்சொல்லே சமம், பெரிது, சிறிது என்று ஒப்பிடக் கற்றுக்கொண்டதால், அன்றே அவ்விரண்டுக்கும் வேலை இல்லாமற் போயிற்று. ஆயினும் அவை கைவிடப்படும் என்ற அறிவிப்பு 2020-இல் வந்த 3.1 பதிப்பில்தான் வந்தது. 2021 டிசெம்பரில் வந்த 4.0 பதிப்பில்தான் அவை நீக்கப்பட்டன. பயனற்றுப்போன இரண்டு சொற்களை வழியனுப்பப் பதினொரு ஆண்டுகளுக்கு மேல் ஆகியிருக்கிறது.

காத்திருந்து சேர்த்ததற்கும் அதே சட்டகத்தில் உதாரணம் உண்டு. உங்கள் செயலியிலேயே பார்த்திருப்பீர்கள்: கொழுந்துப் பதிவுகளை மாதம் குறித்து வடிகட்டிவிட்டு, ‘அடுத்த பக்கம்’ என்பதை அழுத்தினால், முகவரியில் பக்க எண் மட்டும் நின்று மாதம் காணாமற் போய், எல்லா மாதங்களும் கலந்த பட்டியல் வந்து நிற்கும். இதைச் சரிசெய்ய ஒவ்வொரு குழுவும் தனக்கென்று ஒரு குறிச்சொல் எழுதிக்கொண்டது. அந்த வேலைக்கான ‘குவரிஸ்ட்ரிங்’ குறிச்சொல் 2024 ஓகஸ்டில் வந்த 5.1 பதிப்பில்தான் ஜாங்கோவுக்குள் சேர்ந்தது. பயன்படுத்துவோரைக் கொஞ்சம் அதிகமாகவே காக்கவைத்துவிட்டார்கள் என்பது என் எண்ணம். ஆனாலும் வந்தபோது, அது என்ன செய்ய வேண்டும் என்பதில் யாருக்கும் ஐயம் இருக்கவில்லை.

எண்ணிக்கையைவிட முக்கியமாக நான் கருதுவது ஒன்று உண்டு. கேட்கப்படும் குறிச்சொல், இருக்கும் விவரத்தைக் காட்டுகிறதா, அல்லது தானே ஒரு முடிவை எடுக்கிறதா? முடிவு எடுப்பதாக இருந்தால், முப்பது பக்கங்களில் தேவைப்பட்டாலும் சேர்க்காதீர்கள். இதை நான் பட்டுத் தெரிந்துகொண்டேன். சில ஆண்டுகளுக்கு முன் ஒரு கொழுந்து நிலையத்துக்கு வேலை செய்தபோது, ஈரத்துக்கும் சாக்குக்கும் கழிக்கும் நிறையை ஒரு குறிச்சொல்லுக்குள்ளேயே கணக்கிட்டு வைத்தேன். எழுத்தர் கேட்டார், வசதியாகவும் இருந்தது. 24 கிலோ கொழுந்துக்கு 4 சதவீதம் கழித்து, ஒரு தசமத்துக்குச் சுருக்கி, திரையில் 23.0 என்று காட்டியது அந்தக் குறிச்சொல். மாத முடிவில் கொடுக்கும் சீட்டை அச்சிட்ட நிரலோ வார்ப்புரு வழியே போகாமல் தனியே கணக்குப் பார்த்து, 23.04 என்று போட்டது. தராசடியில் நின்ற ஒரு முதியவர் சீட்டை ஒரு கையில் பிடித்துக்கொண்டு, மறு கையால் திரையைச் சுட்டி, “இதில எது தம்பி என்ட கொழுந்து?” என்று கேட்டபோது என்னால் பதில் சொல்ல முடியவில்லை. கழிவு என்பது ஒருவருடைய கூலியைத் தீர்மானிக்கும் விதி. அது, செயலியின் தரவும் அதற்கான விதிகளும் இருக்கும் தரவு மாதிரியில் ஓரிடத்தில் இருக்க வேண்டும். குறிச்சொல்லுக்கு, கணக்கிட்டு முடிந்த எண்ணை அழகாக எழுதும் வேலை போதும்.

ஜாவா என்னும் நிரல்மொழியின் உலகிலும் இதே சபலம் இருந்தது. 2002-இல் வந்த ஜேஎஸ்டிஎல் என்னும் பொதுக் குறிச்சொல் நூலகத்தில், பக்கத்திலிருந்தே தரவுத்தளத்தை வினவும் குறிச்சொற்களும் இருந்தன. அவை முன்மாதிரிகளுக்கும் எளிய செயலிகளுக்கும் உரியவை என்று சொல்லப்பட்டாலும், கையருகே இருப்பதை எடுப்பதுதானே மனித இயல்பு. வினவல்கள் பக்கங்களுக்குள் புகுந்துகொண்டன.

மனத்தாங்கலைப் பற்றிக் கேட்டிருந்தீர்கள். ‘முடியாது’ என்று நிறுத்தாமல், வேறு இடத்தைக் காட்டுங்கள். கேட்டவர் தன் பகுதியின் கோப்புறைக்குள் அந்தக் குறிச்சொல்லை எழுதி வைத்துக்கொள்ளட்டும். இன்னொரு பகுதியும் அதைத் தேடி வரும்போது பொது நூலகத்துக்கு மாற்றலாம். ஜாங்கோவிலும், வார்ப்புருவின் ஒரு துண்டுக்குப் பெயரிட்டுத் தனியே பயன்படுத்தும் வசதி, முதலில் தனிப் பொதியாகப் பலர் கையில் புழங்கிய பிறகே 2025 டிசெம்பரில் வந்த 6.0 பதிப்பில் இடம்பெற்றது.

கேள்வி: தொகையைக் காட்ட ஒரு குறிச்சொல் வைத்திருக்கிறோம். சதம் வேண்டாம் என்கிறார் ஒருவர். கடன் மீதியைச் சிவப்பில் காட்டக் கேட்கிறார் இன்னொருவர். இந்திய வாடிக்கையாளருக்கு 1,000,000 என்பதை 10,00,000 என்று காட்ட வேண்டும் என்கிறார் மற்றொருவர். விருப்பளவுருக்களாக (வேண்டியபோது மட்டும் குறிச்சொல்லோடு தரும் கூடுதல் மதிப்புகளாக) சேர்ப்பதா, தனித்தனிக் குறிச்சொற்களா?
– வாசகி, பண்டாரவளை

பதில்: மூன்றும் ஒரே தன்மையுடையவை அல்ல. சதத்தை மறைப்பது அதே வேலையின் ஒரு வடிவம் என்பதால், அதை அளவுருவாகச் சேர்க்கலாம். அளவுரு தராத பழைய பக்கங்களில் ஓர் எழுத்தும் மாறாதிருந்தால் போதும். காற்புள்ளி இடும் முறை வாடிக்கையாளரின் நாட்டைப் பொறுத்தது. அதை ஒவ்வொரு பக்கத்திலும் ஒருவர் நினைவில் வைத்து எழுத வேண்டியதில்லை. அமைப்பில் ஒரு முறை குறித்துவிட்டு, குறிச்சொல் அங்கிருந்து எடுத்துக்கொள்ளட்டும்.

சிவப்பு நிறத்தைத்தான் நான் மறுப்பேன். நிறம், பக்கத்தின் தோற்றத்தை வகுக்கும் பாணித்தாளுக்கு (சிஎஸ்எஸ்) உரியது. மேலும், நிறத்துக்காக உங்கள் குறிச்சொல் எண்ணோடு, பக்கத்தை அமைக்கும் எச்டிஎம்எல் குறியீட்டையும் தரத் தொடங்கினால், உள்ளே வரும் எழுத்துகள் நிரலாக ஓடாதவாறு பாதுகாப்பாக மாற்றப்படுகின்றனவா என்ற பொறுப்பும் உங்கள் தலையில் ஏறும். சொந்தக் குறிச்சொல் எழுத ஜாங்கோ தரும் எளிய வழியான ‘சிம்பிள் டேக்’ வழியே வரும் வெளியீட்டை 1.9 பதிப்பிலிருந்து சட்டகமே மாற்றித் தருகிறது. ‘இது பாதுகாப்பானது’ என்று நீங்களே குறித்து அந்தக் காவலை விலக்கினால், வாடிக்கையாளர் பெயர்ப் பெட்டியில் யாரோ எழுதிய நிரல்துண்டு அடுத்தவர் திரையில் ஓடக்கூடும்.

கேள்வி: யாரும் பயன்படுத்தாத குறிச்சொல்லை உடனே அழித்துவிடலாமா?
– வாசகர், பதுளை

பதில்: யாரும் பயன்படுத்தவில்லை என்பதை முதலில் உறுதிசெய்யுங்கள். கோப்புகளில் தேடுவதோடு நில்லாமல், மின்னஞ்சல் வார்ப்புருக்களைத் தரவுத்தளத்தில் வைத்திருந்தால் அங்கும் தேடுங்கள்; பெரும்பாலும் அங்கேதான் ஒன்று ஒளிந்திருக்கும். பிறகு, அழைக்கப்படும்போதெல்லாம் பதிவேட்டில் எச்சரிக்கை எழுதுமாறு மாற்றி, இரண்டு வெளியீடுகள் வரை விட்டுவையுங்கள். எடுத்த பின் அதே பெயரை வேறு வேலைக்குச் சூட்டாதீர்கள். பழைய பக்கம் ஒன்று பிழை காட்டி நிற்பது, பிழையின்றித் தவறான எண்ணைக் காட்டுவதைவிட மேலானது.