இலவசம் என்றால் இளப்பமா?

கேள்வி: கடவுளின் மன்னிப்பு இலவசமாகக் கிடைப்பதால்தான் கிறிஸ்தவர்கள் அதன் அருமை தெரியாமல் வாழ்கிறார்களா? (பெயர் போட வேண்டாம் என்று கேட்டுக்கொண்ட வாசகர், பாளையங்கோட்டை)

பதில்: இந்த 'இலவசம்' என்ற சொல்லை எங்கே கண்டாலும் எனக்குக் கை பரபரக்கும். சும்மா கிடைப்பதை ஜனங்கள் மதிக்க மாட்டார்கள் என்பது, இருக்கிறவர்கள் இல்லாதவர்களைப் பற்றிக் கட்டிவிட்ட கதை. 2006 தேர்தலுக்கு அப்புறம் அரசு கொடுத்த கலர் டிவிக்கு எங்கள் தெருப் பாட்டி ஒருவர் பூப்போட்ட துணியில் உறை தைத்துப் போட்டிருந்தார், அந்த உறைக்கு வாரம் ஒருமுறை சலவை வேறு. அதே காலத்தில் 'இலவசம் மக்களைக் கெடுக்கிறது' என்று என்னோடு மல்லுக்கு நின்ற நண்பரோ, நகைக்கடையில் ஒரு கிராம் காசு வாங்கிவிட்டுத் துணிப்பை தரவில்லை என்று மேனேஜரைக் கூப்பிடச் சொன்னவர். (அந்தப் பை இன்னும் பத்திரமாக இருக்கிறது. நான் போனால் முருங்கைக்காயை அதில் போட்டுக் கொடுப்பார், பையை மறக்காமல் திருப்பிக் கேட்பார்.)

விலை வைத்தால் மதிப்பு வந்துவிடுமா? அதையும் ஒருமுறை செய்து பார்த்தாயிற்று. ரோமில் பேதுரு பேராலயம் கட்டப் பணம் வேண்டியிருந்தபோது, ஜெர்மனியில் டெட்சல் என்ற துறவி பாவத் தண்டனையைக் குறைக்கும் சீட்டுகளை ஊர் ஊராக விற்றார். சீட்டு கையில் இருக்கிறது, இனி எதற்கு மனந்திரும்ப வேண்டும் என்று ஜனங்கள் இருந்துவிடுவார்களே என்பதுதான் 1517-ல் ஜெர்மனியில் சபைச் சீர்திருத்தத்தைத் தொடங்கிய மார்ட்டின் லூத்தரின் பெரிய கவலை.

சரி, உங்கள் கேள்விக்கு வருகிறேன். மத்தேயு 18-ல் இயேசு சொல்லும் கதையில் ஒருவன் ராஜாவுக்குப் பதினாயிரம் தாலந்து கடன்பட்டிருக்கிறான். பிரசங்கத்தில் 'பெரிய தொகை' என்று சொல்லித் தாண்டிவிடுகிறார்கள், எனக்கு அது ஆகாது. ஒரு தாலந்து ஏறக்குறைய 6,000 நாள் கூலி. ஆக மொத்தம் 6 கோடி நாள் கூலி, வருடம் 300 நாள் உழைத்தாலும் அடைக்க 2 லட்சம் வருடம். இன்னொரு கணக்கும் உண்டு. அப்போது கலிலேயாவையும் பெரேயாவையும் ஆண்ட ஏரோது அந்திப்பாவுக்கு வந்த வருட வருமானமே 200 தாலந்து என்று அந்த நூற்றாண்டு யூத சரித்திர ஆசிரியர் ஜோசபஸ் எழுதியிருக்கிறார். இவன் ஒருத்தன் கடன், அந்த நாட்டின் 50 வருட வரிப்பணம்! கேட்டுக்கொண்டிருந்தவர்கள் சிரித்திருப்பார்கள்.

அவ்வளவு கடன்பட்டவன் காலில் விழுந்து என்ன கேட்கிறான் பாருங்கள். கொஞ்சம் பொறுங்கள், எல்லாவற்றையும் கட்டித் தீர்க்கிறேன் என்கிறான். தவணை கேட்கிறான் ஐயா! ராஜா மனமிரங்கி முழுக்கடனையும் தள்ளிவிட்டார், இவன் மண்டைக்குள் மட்டும் தவணை ஓடிக்கொண்டே இருக்கிறது என்றுதான் நான் வாசிக்கிறேன். இல்லாவிட்டால் வெளியே வந்த கையோடு, தனக்கு நூறு வெள்ளிப்பணம் தரவேண்டியவன் தொண்டையை எதற்கு நெரிக்கிறான்?

ஞாயிறு காலை பாவ அறிக்கை ஜெபத்தை ஒரே மூச்சில் ஒப்பித்துவிட்டு, திங்கட்கிழமை சபைத் தேர்தல் வழக்குக்காக வக்கீலைத் தேடிப் போகிறவர்களை எனக்குத் தெரியும். தாங்கள் கடவுளுக்குப் பட்ட கடனின் பில்லை அவர்கள் பிரித்தே பார்த்ததில்லை. பார்த்த ஒன்றிரண்டு பேரும், காணிக்கையிலும், வருமானத்தில் பத்தில் ஒன்றாகக் கொடுக்கும் தசமபாகத்திலும் மாதாமாதம் கழிந்துகொண்டிருக்கிறது என்று நினைத்துக்கொண்டிருக்கிறார்கள்.

பழைய தமிழ் வேதாகமம், இயேசு கற்றுக்கொடுத்த பரமண்டல ஜெபத்தில் 'எங்கள் கடன்களை எங்களுக்கு மன்னியும்' என்றே வைத்திருக்கிறது. அந்தக் 'கடனை' எடுத்துவிட்டுக் 'குற்றம்' போடுகிறவர்களோடு எனக்கு இருபது வருடச் சண்டை. குற்றம் என்றால் உடனே பக்கத்து வீட்டுக்காரன் முகம் வருகிறது. கடன் என்றால் நம் நோட்டு ஞாபகம் வருகிறது.

நோட்டு என்றதும்தான் நினைவு வந்தது. பெயர் வேண்டாம் என்றீர்கள், போடவில்லை. ஆனால் கவரின் பின்னால் சந்தா எண்ணை எழுதியிருந்தீர்கள், எடுத்துப் பார்த்தேன். மார்ச்சோடு முடிந்திருக்கிறது. தொண்டையை நெரிக்க மாட்டேன், பயப்படாதீர்கள். தவணையிலும் கட்டலாம்.