டுரியான் தோலிலிருந்து எடுத்த நானோ செல்லுலோஸை எதை வைத்து அளப்பது?

இறுதியாண்டு புராஜெக்ட்டுக்காக டுரியான் தோலை சல்ஃப்யூரிக் அமிலத்தில் சிதைத்து செல்லுலோஸ் நானோ படிகம் (நானோமீட்டர் அளவிலான குச்சிகள்) எடுத்திருக்கிறீர்கள். ஒளிச்சிதறலை வைத்துத் துகளின் அளவைக் கணிக்கும் டி.எல்.எஸ். கருவி 180 நானோமீட்டர் காட்டியது, அதையே நீளம் என்று எழுதலாமா என்பது கேள்வி. தயவுசெய்து எழுதாதீர்கள்.

துகள் நீரில் எவ்வளவு வேகமாக அலைகிறது என்பதைத்தான் டி.எல்.எஸ். பார்க்கிறது. அதே வேகத்தில் அலையும் ஓர் உருண்டையின் விட்டத்தைச் சொல்கிறது. உங்கள் படிகமோ குச்சி வடிவம். ஆகவே 180 என்பது நீளமும் அல்ல, தடிமனும் அல்ல. ஆனாலும் கருவியை ஒதுக்க வேண்டாம். சோனிகேஷன் (மீயொலியால் கட்டிகளைக் கலைப்பது) செய்யச் செய்ய அந்த எண் இறங்கி ஓரிடத்தில் நின்றுவிட்டால், கட்டிகள் பிரிந்துவிட்டன என்று நம்பலாம். அதற்கு இது அருமையான கருவி.

நீளத்துக்கு டி.இ.எம். (ஊடுருவும் எலக்ட்ரான் நுண்ணோக்கி) படம் எடுங்கள். யுரனைல் அசிடேட் போன்ற சாயம் இல்லாமல் செல்லுலோஸ் மங்கலாகத்தான் தெரியும். தடிமனுக்கு, நுண்ணிய ஊசியால் மேற்பரப்பைத் தடவி அளக்கும் ஏ.எஃப்.எம்.தான் என் தேர்வு. அதிலும் அகலத்தை எடுக்காதீர்கள், ஊசிமுனையின் பருமனும் அதில் சேர்ந்துவிடும். உயரத்தை எடுங்கள். எந்தக் குச்சியை எண்ணுவது, எதை விடுவது என்ற விதியை முன்கூட்டியே எழுதி வைத்துக்கொண்டு, சில நூறு குச்சிகளையாவது அளவிடுங்கள். அழகாகத் தெரிவதை மட்டும் பொறுக்கினால் சராசரியே மாறிவிடும்.

படிகத்தன்மையை, அதாவது செல்லுலோஸில் ஒழுங்காக அடுக்கிய பகுதி எவ்வளவு என்பதை, எக்ஸ்.ஆர்.டி.யில் (எக்ஸ் கதிர் விளிம்பு விலகல்) கணக்கிட பலரும் 1959இல் வந்த சீகல் சூத்திரத்தைப் போடுகிறார்கள். அது படிகத்தன்மையைக் கூட்டியே காட்டும். உங்கள் மூலத் தோலையும் படிகத்தையும் ஒப்பிடப் போதும், வேறு ஆய்வகத்தின் எண்ணோடு ஒப்பிட வேண்டாம்.

அப்புறம் மேற்பரப்பு சல்ஃபேட், அதாவது அமிலத்தால் படிகத்தின் மேல் ஒட்டிய சல்ஃபேட் தொகுதிகளின் அளவு. நன்றாக டயாலிசிஸ் செய்து (சவ்வு வழியாக மிச்ச அமிலத்தை நீக்கி), அமில வகை அயனிப் பரிமாற்றப் பிசினில் செலுத்திய பிறகே, காரத்தைச் சிறிது சிறிதாகச் சேர்த்து அளக்கும் டைட்ரேஷன். உலர் எடையில் கணக்கிடும்போது நம்மூர் ஈரப்பதத்தை மறந்துவிடாதீர்கள். திறந்து வைத்த பொடி தராசிலேயே எடை ஏறும், அதனால் ஈரத்தை அன்றன்றே அளவிடுங்கள்.

எல்லாவற்றையும் உலர்த்தியும் விடாதீர்கள். ஒரு பங்கைத் திரவமாகவே ஃபிரிட்ஜில் வையுங்கள். உலர்த்தியே ஆக வேண்டுமென்றால் முதலில் சோடியம் ஹைட்ராக்சைடால் நடுநிலையாக்குங்கள். அமில வடிவில் (நடுநிலையாக்காமல்) முழுக்கக் காய்ந்த படிகம் மறுபடி நீரில் சரியாகப் பிரியாது.