வீட்டு எல்லையோடு நிற்கும் கட்டணம்

கேள்வி: நகரத்தை ஒட்டிய எங்கள் கிராமப்புறக் குடியிருப்பில் இதுவரை ஆழ்துளைக் கிணறும் செப்டிக் டேங்க்கும்தான். இப்போது நகராட்சி, குடிநீரையும் பாதாளச் சாக்கடையையும் எங்கள் தெருவுக்குக் கொண்டுவருகிறது. இணைப்புக் கட்டணத்தை மொத்தமாகக் கட்டினால் 5 சதவீதத் தள்ளுபடி. இல்லையென்றால் 7 சதவீத வட்டியில் 10 ஆண்டுத் தவணை. மொத்தமாகக் கட்டும் அளவுக்குச் சேமிப்பு இருக்கிறது. என்ன செய்யலாம்?

பதில்: தள்ளுபடிக் கணக்கைப் பிறகு பார்ப்போம். நோட்டீஸில் உள்ள தொகை பெரும்பாலும் உங்கள் எல்லைக்கோட்டோடு முடிந்துவிடும். அங்கிருந்து வீடு வரை பள்ளம், குழாய், சேம்பர் (அடைப்பு எடுக்கக் குழாய் வழியில் கட்டும் சிறு தொட்டி), பழைய டேங்க்கை மூடுவது எல்லாம் உங்கள் கைக்காசு. வீடு தெருவிலிருந்து உள்ளே தள்ளி இருந்தால், இந்தச் செலவு கட்டணத்தையே மிஞ்சக்கூடும்.

அதைத் தீர்மானிப்பது ஆழம். உங்கள் மனைக்கு விடப்போகும் சாக்கடை இணைப்பின் அடிமட்டம் (தரையிலிருந்து குழாயின் அடி இருக்கும் ஆழம்) எவ்வளவு என்று நகராட்சிப் பொறியாளரிடம் எழுத்தில் வாங்குங்கள். 100 மில்லிமீட்டர் குழாய்க்கு 60-க்கு 1 என்று வாட்டம் வைத்தால், 30 மீட்டர் தூரத்துக்கு அரை மீட்டர் இறக்கம் வேண்டும். வீட்டை விட்டு வெளியேறும் இடத்தில் குழாய் 45 சென்டிமீட்டர் ஆழத்தில் இருந்தால், சமதளமான மனையில் எல்லையருகே சுமார் 1 மீட்டர் ஆழம் தேவை. வீடு தெருவைவிட 1 மீட்டர் பள்ளத்தில் இருந்தால் அது 2 மீட்டராகிவிடும். தெரு இணைப்பு அதைவிட மேலே இருந்தால் கழிவு தானாகப் போகாது. தொட்டி கட்டி, கழிவுநீர் மோட்டார் வைத்து ஏற்ற வேண்டும். அது ஒருமுறைச் செலவு அல்ல: மின்சாரம், பழுது, சில ஆண்டுகளில் புது மோட்டார். மின்சாரம் போனால் கழிவறையும் நின்றுவிடும். இணைப்பை ஆழமாக விடச் சொல்லி மனு கொடுப்பதெல்லாம் தெருவில் குழாய் பதிக்கும் முன்புதான் பலிக்கும்.

இனி வட்டி. கட்டணத்தை 100 என்று வைத்துக்கொள்ளுங்கள். குறையும் நிலுவை மேல் 7 சதவீதம் என்றால், ஆண்டுத் தவணை சுமார் 14.24, பத்தாண்டில் 142 கட்டுவீர்கள். இன்றே கட்டினால் 95-தான் என்பதால், தவணையின் உண்மையான வட்டி 8 சதவீதத்தைச் சற்றுத் தாண்டுகிறது. வரி போக அந்த அளவு வருமானம் தராத வைப்பில் பணம் கிடந்தால் மொத்தமாகக் கட்டுவதே லாபம். ஆனால் அந்த 7 சதவீதம் முழுத் தொகை மேல் நேர்வட்டியா என்று கேளுங்கள். அப்படியானால் ஆண்டுக்கு 17, மொத்தம் 170. தள்ளுபடியைச் சேர்க்காமலே உண்மை வட்டி ஏறக்குறைய 11 சதவீதம். அதைவிட வங்கிக் கடனே மலிவாக இருக்கலாம்.

இதில் ஒரு நிபந்தனை உண்டு. எல்லைக்கு உள்ளே ஆகும் செலவையும் ஆறு மாதக் குடும்பச் செலவையும் முதலில் ஒதுக்குங்கள். மீதி 95-ஐ எட்டாவிட்டால் தவணையே சரி. சில ஆண்டுகளில் வீட்டை விற்கும் எண்ணமிருந்தால், பாக்கித் தவணை வாங்குபவருக்கு மாறுமா, விற்கும்போதே தீர்க்க வேண்டுமா என்று விதியைப் படியுங்கள்.

டேங்க் நன்றாக ஓடுகிறதே, இணைப்பைத் தள்ளிப்போடலாமே என்று தோன்றும். இணைப்பு கட்டாயமா என்பதை முதலில் பாருங்கள். கட்டாயம் இல்லையென்றாலும், எல்லைக்குள் ஒரு சேம்பர் வரையாவது தெருக் குழாயிலிருந்து இணைப்பை இப்போதே இழுத்து, முனையை மூடி வையுங்கள். தார் போட்ட பிறகு கேட்டால் சாலை வெட்டும் கட்டணமும் சீரமைப்புக் கட்டணமும் தலையில் விழும். பக்கத்து வீட்டாருடன் சேர்ந்து ஒரே ஒப்பந்தக்காரரிடம் கொடுத்தால் இயந்திர வாடகையும் குறையும்.

இணைத்த பிறகு கிணற்றைத் தோட்டத்துக்கு வைத்துக்கொள்ளலாம். சாக்கடைக் கட்டணத்தைக் குடிநீர் மீட்டரை வைத்தே கணக்கிடும் ஊர்களில் அது மாதாமாதம் மிச்சம். ஆனால் கிணற்றுக் குழாயும் குடிநீர்க் குழாயும் எங்கேயும் சேரக்கூடாது. நடுவில் வால்வு போட்டுவிட்டேன் என்பது காப்பல்ல. வால்வு கசிந்தால் கிணற்று நீர் ஊர்க் குழாய்க்குள் போகும்.

பழைய டேங்க் வழியாகவே புதிய இணைப்பை விடுவது தவறான சிக்கனம். நாற்றமும் அடைப்பும் தொடரும், கசடு அள்ளும் செலவும் நிற்காது. டேங்க்கை லாரியில் உறிஞ்சி எடுத்து, அடித்தளத்தில் துளையிட்டு, மணல் நிரப்ப வேண்டும். காலியாக விட்டால் மூடி இடியும். இதை வெளியிலிருந்தே செய்ய வேண்டும். உள்ளே இறங்கினால் விஷவாயு ஆளைக் கொல்லும். மழைநீர்க் குழாயை மட்டும் சாக்கடையில் சேர்க்கவிடாதீர்கள், பெருமழையில் தெருச் சாக்கடை நிரம்பி வீட்டுக்குள் திரும்பும்.

பள்ளத்தை மூடும் முன் அளவு நாடாவை வைத்துக் குழாயைப் படம் எடுத்துக்கொள்ளுங்கள். ஒப்பந்தக்காரரின் கூலியில் 10 சதவீதத்தை முதல் பெருமழை வரை நிறுத்திவைப்பதாக ஒப்பந்தத்திலேயே எழுதிவிடுங்கள். வாட்டக் குறைவும் மண் அமுங்கலும் அப்போதுதான் தெரியவரும்.