அப்பாவின் மறதியைவிட அந்தப் பேச்சுதான் கவலை

கேள்வி: அப்பாவுக்கு 63 வயது. 15 வருடமாகச் சர்க்கரை, இன்சுலின் போடுகிறார். எட்டு மாதம் முன்பு இதயத்தில் ஸ்டென்ட் வைத்தார்கள். மூன்று மாதமாகப் பேச்சு குறைந்துவிட்டது, பசி, தூக்கம் இல்லை, பெயர்கள் மறக்கின்றன. "இனிமே எனக்கு எதுக்கு ஊசி" என்கிறார். பாஸ்புக், வீட்டுப் பத்திரம் எல்லாவற்றையும் என்னிடம் கொடுத்துவிட்டார். கொலஸ்ட்ரால் மாத்திரையால் மறதி வரும் என்று யூடியூபில் பார்த்து நிறுத்திவிட்டோம். தூக்கத்துக்கு மெடிக்கலில் அல்பிரசோலம் வாங்கித் தருகிறேன். இது அல்சைமரா?

- வாசகி, திண்டுக்கல்

பதில்: அல்சைமர் பயத்தைக் கொஞ்சம் தள்ளி வையுங்கள். எனக்குப் பயம் தருவது அந்த ஊசிப் பேச்சும், பத்திரத்தை ஒப்படைத்ததும்தான். வயதானவர் கணக்கு வழக்கை மகளிடம் கொடுப்பது சாதாரண விஷயம். பேச்சும் பசியும் தூக்கமும் போன பிறகு கொடுத்தால் அப்படி எடுத்துக்கொள்ள முடியாது. இது மனச்சோர்வாக (டிப்ரெஷன்) இருக்கலாம், உயிரை விடும் எண்ணமும் இருக்கலாம்.

இன்றைக்கே தனியாக உட்கார்ந்து நேராகக் கேளுங்கள்: "செத்துப் போயிடலாம்னு தோணுதாப்பா?" கேட்பதால் அந்த எண்ணம் புதிதாக வந்துவிடாது, பலருக்குச் சொல்ல ஆள் கிடைத்ததே ஆறுதல். "ஆமாம்" என்றாலோ, பதில் சொல்லாமல் மழுப்பினாலோ அவரைத் தனியே விடாதீர்கள். அன்றே அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையின் மனநலப் பிரிவுக்கு அழைத்துப் போங்கள். அரசின் மனநல உதவி எண்ணான டெலி மானஸ் 14416-இல் இரவு பகலாகத் தமிழிலும் பேசுவார்கள். "இல்லை" என்றாலும் இந்த வாரமே மனநல மருத்துவரைப் பார்த்தாக வேண்டும். அதுவரை இன்சுலினும் எல்லா மாத்திரைகளும் உங்கள் பூட்டில் இருக்கட்டும். வேளைக்கு வேளை நீங்களே எடுத்துக் கொடுங்கள். வீட்டில் பூச்சிமருந்து இருந்தால் அப்புறப்படுத்துங்கள்.

"எனக்கென்ன பைத்தியமா" என்று வர மறுக்கலாம். பசிக்கும் தூக்கத்துக்கும் பார்க்கப் போகிறோம் என்று சொல்லுங்கள், அது பொய்யில்லை. இதய மருத்துவரே எழுதிக் கொடுத்தால் இன்னும் சுலபம்.

மறதி பற்றி: அல்சைமர் வருடக்கணக்கில் மெல்ல வருவது. மனம் சோர்ந்தவர் பெரும்பாலும் யோசிக்காமலே "ஞாபகம் இல்லை" என்று விட்டுவிடுவார். மனச்சோர்வு தெளிந்த பிறகும் மறதி நீடித்தால் அப்போது பரிசோதிக்கலாம். இப்போது தைராய்டு, ஹீமோகுளோபின், சோடியம், கிரியாட்டினின், மூன்று மாதச் சர்க்கரை அளவு, பி12 பார்த்தால் போதும். மெட்ஃபார்மின் என்ற சர்க்கரை மாத்திரையை நீண்டகாலம் சாப்பிட்டவர்களுக்கு பி12 குறையலாம்; அதனாலும் மறதியும் சோர்வும் வரும்.

யூடியூப் பார்த்துக் கொலஸ்ட்ரால் மாத்திரையை நிறுத்தினீர்களே, அது பெரிய தவறு. அது மறதி நோயைத் தரும் என்பதற்கு ஆதாரமில்லை. இதய மருத்துவரிடம் சொல்லிவிட்டு இன்றே மறுபடி ஆரம்பியுங்கள். இரத்தம் உறையாமல் தடுக்கும் ஆஸ்பிரினையோ குளோபிடோக்ரலையோ இதேபோல் நிறுத்தியிருந்தால் ஸ்டென்ட்டே அடைத்துக்கொள்ளக்கூடும்.

சீட்டில்லாமல் அல்பிரசோலம் கொடுத்த கடைக்காரரைத் திட்ட இங்கே இடமில்லை. அது மனச்சோர்வைத் தீர்க்காது. இந்த வயதில் தடுமாறி விழ வைக்கும், மறதியையும் கூட்டும். ஆனால் தினமும் கொடுத்து வந்திருந்தால் சட்டென்று நிறுத்தாதீர்கள். மருத்துவர் படிப்படியாகக் குறைப்பார்.

மனச்சோர்வுக்கு இதய நோயாளிகளுக்கு அதிகம் எழுதப்படும் மருந்து செர்ட்ராலின். பெரும்பாலும் 25 மில்லிகிராமில் தொடங்கி 50க்குப் போவார்கள். முதல் வாரம் குமட்டலும் வயிற்றுப்போக்கும் வரலாம். மனம் தேறத் தொடங்க இரண்டு முதல் நான்கு வாரம், முழுப் பலன் தெரிய ஆறு முதல் எட்டு வாரம். பத்தே நாளில் "கேட்கவில்லை" என்று நிறுத்திவிடுகிறவர்கள் பலர். தேறிய பிறகும் குறைந்தது ஆறு மாதம் தொடர வேண்டும். வயதானவர்களுக்கு இதில் சோடியம் இறங்கலாம், சிறுநீர் பிரியும் மாத்திரையும் சேர்ந்தால் இன்னும் அதிகமாக. மருந்து தொடங்கி இரண்டு வாரம் ஆனதும் ஒருமுறை இரத்தத்தில் சோடியம் பாருங்கள். ஆஸ்பிரினோடு சேரும்போது இரத்தக் கசிவு கூடும். மலம் கறுத்தால் உடனே காட்ட வேண்டும்.

இன்சுலின் விஷயத்தில் கவனம். சரியாகச் சாப்பிடாதவருக்குப் பழைய அளவையே போட்டால் சர்க்கரை தாழ்ந்து வியர்த்து, குழம்பிப் பேசுவார். வீட்டிலேயே குளுக்கோமீட்டரில் நாலு வேளை பார்த்துக் குறித்து வையுங்கள். அளவை மருத்துவர் மாற்றட்டும். ஊசியே வேண்டாம் என்று பிடிவாதம் பிடித்து, வாந்தியும் வேகமூச்சும் மயக்கமும் வந்தால் 108ஐக் கூப்பிடுங்கள்.

மனநல மருத்துவரிடம் போகும்போது ஸ்டென்ட் வைத்த டிஸ்சார்ஜ் சம்மரி, அந்தக் குறிப்பு நோட்டு, அவர் சாப்பிடும் எல்லா மாத்திரை அட்டைகளும் கையில் இருக்கட்டும். அல்பிரசோலம் அட்டையை மறைக்காதீர்கள்.