டெட்டனஸ் இறுக்குகிறது, போடாக்ஸ் தளர்த்துகிறது: கடிதம்

அன்புள்ள ஆசிரியருக்கு,

என் சித்தப்பாவுக்குக் காலில் ஆணி குத்தி டெட்டனஸ் வந்தது. எப்படியோ பிழைத்துக்கொண்டார். குத்தியது காலில், ஆனால் முதலில் இறுகியது தாடை. அது எப்படி? முகச் சுருக்கத்துக்குப் போடும் போடாக்ஸும் இதே இனத்துக் கிருமியின் நஞ்சுதான் என்கிறார்கள். அது தசையைத் தளர்த்துகிறதே? இவ்வளவு பெரிய உடம்பில் நரம்பை மட்டும் நஞ்சு எப்படி அடையாளம் காண்கிறது? 'ஒரு தடவை வந்தாச்சு, இனி ஊசி எதுக்கு?' என்கிறார் சித்தப்பா. சரியா?

எம்.

அன்புள்ள எம்.,

நஞ்சு எதையும் தேடிப் போவதில்லை. ரத்தத்தோடும் நிணநீரோடும் உடம்பெங்கும் சுற்றுகிறது. ஒட்டிக்கொள்ள வாகான இடம் நரம்பு முனையில் கிடைக்கிறது. அங்கே செல் சவ்வில் கேங்லியோசைடு என்ற, சர்க்கரை கோத்த கொழுப்பு மூலக்கூறுகள் அடர்ந்திருக்கின்றன. நஞ்சு முதலில் பிடிப்பது அதைத்தான். ஆனால் அந்தப் பிடி தளர்வானது. ஒரு புரதத்தையும் சேர்த்துப் பிடித்தால்தான் நிற்கும் என்று இத்தாலியின் பதுவா நகரைச் சேர்ந்த ஆய்வாளர் சேசரே மோன்டெகூக்கோ 1986இல் ஒரு கருத்தை முன்வைத்தார்.

அந்தப் புரதம் இருக்கும் இடம்தான் எனக்கு இன்னும் வியப்பு. போடாக்ஸில் இருக்கும் போடுலினம் நஞ்சின் ஏ வகைக்கு எஸ்வி2, பி வகைக்கு சினாப்டோடாக்மின். இரண்டுமே நரம்பு தன் வேதிச் செய்தியை அடைத்து வைக்கும் நுண்பைகளில் இருப்பவை. நஞ்சு பற்றும் பகுதி பையின் உட்புறத்தில் இருக்கும். நரம்பு வேலை செய்யும்போது பை செல் சவ்வோடு இணைந்து திறக்கும், உட்புறம் சற்று நேரம் வெளியே தெரியும். கேங்லியோசைடில் தொற்றியிருக்கும் நஞ்சுக்கு அது போதும். செல் அந்தப் பையைத் திரும்ப உள்ளிழுக்கும்போது நஞ்சும் கூடவே போய்விடுகிறது. அதிகம் உழைக்கும் நரம்பு அதிக நஞ்சை வாங்குவது இதனால்தான். (மனிதரின் சினாப்டோடாக்மின் 2இல் ஒரே ஒரு அமினோ அமிலம் எலியினுடையதிலிருந்து மாறியிருக்கிறது. அதனாலேயே பி வகை நம்மிடம் சரியாக ஒட்டுவதில்லை.)

இனி உங்கள் புதிர். டெட்டனஸ் நஞ்சும் போடுலினம் பி வகையும் நரம்புக்குள் போய் வெட்டுவது சினாப்டோப்ரெவின் என்ற ஒரே புரதத்தை, அதுவும் ஒரே இடத்தில். 1992இல் இதையும் கண்டுபிடித்தது மோன்டெகூக்கோ குழுதான். கத்தி ஒன்றுதான், நுழையும் வாசல் வேறு. போடுலினம் பெரும்பாலும் தசையருகே உள்ள முனையிலேயே தங்கி, 'சுருங்கு' என்று தசைக்குப் போகும் செய்தியை நிறுத்துகிறது. தசை தளர்கிறது. டெட்டனஸ் நஞ்சோ நிடோஜன் என்ற புரதங்களின் துணையோடு வேறொரு பைக்குள் புகுந்து, நரம்பிழை வழியே தண்டுவடம் வரை போகிறது. அங்கே வெளியேறி, தசை நரம்புகளை அடக்கி வைக்கும் நரம்புகளுக்குள் நுழைந்து அவற்றின் வாயை அடைக்கிறது. அடக்க ஆளில்லை, தசை இறுகுகிறது. தாடை முந்துவதற்குக் காரணம் தூரம்: ரத்தத்தில் பரவிய நஞ்சு எல்லா நரம்பு முனைகளிலும் ஏறினாலும், முகத்து நரம்புகள் குட்டையானவை, பயணம் சீக்கிரம் முடிகிறது.

அப்புறம் சித்தப்பா சொல்வது தவறு. டெட்டனஸை உண்டாக்கும் நஞ்சின் அளவு மிகச் சொற்பம். எதிர்ப்புச் சக்தி உருவாக அது போதாது. நோய் வந்து பிழைத்தவரும் தடுப்பூசியை முழுமையாகப் போட்டுக்கொள்ள வேண்டும். ஊசியால் உருவாகும் எதிர்ப்பொருள் நஞ்சு வெளியே சுற்றும்போதே அதைப் பிடித்துவிடும். நரம்புக்குள் போய்விட்டால் எந்த எதிர்மருந்தும் அதை எட்டாது. அடுத்த முறை ஆரம்ப சுகாதார நிலையத்துப் பக்கம் போகும்போது அவரையும் கூட்டிக்கொண்டு போங்கள்.