வாசகர் கேள்வி–பதில்: விதியிலிருந்து விளைவது

கலை, மொழி, கல்வி, கணினி ஆகிய துறைகளில் ‘ஆக்கமுறை’ என்று வழங்கும் அணுகுமுறையைப் பற்றி மதுரையிலிருந்தும் சுற்றுவட்டாரத்திலிருந்தும் வாசகர்கள் அனுப்பிய கேள்விகளில் சிலவற்றை இந்த இதழுக்கு எடுத்துக்கொண்டுள்ளோம்.

மொழியியலில் ‘ஆக்கமுறை இலக்கணம்’ என்று படிக்கிறோம். ஓவியத்திலும் அதே பெயர் வருகிறது. இப்போது படமும் கட்டுரையும் தரும் ஏஐக்கும் அதே அடைமொழியைச் சேர்க்கிறார்கள். இவை எல்லாவற்றுக்கும் உண்மையில் தொடர்பு உண்டா?
— கல்லூரி மாணவி, திருப்பரங்குன்றம்

தொடர்பு உண்டு. ஆனால் ஏஐயை மற்றவற்றோடு ஒரே வரிசையில் வைப்பதற்கு முன் சற்று நிதானிக்க வேண்டும்.

ஒரு பொருளை ஆராய்கிறவர் பெரும்பாலும் அதைப் பகுத்து, அதன் உறுப்புகளுக்குப் பெயரிட்டு, வகைப்படுத்துவார். ஆக்கமுறையில் அணுகுகிறவரோ, எந்தச் சில விதிகளைத் திரும்பத் திரும்பச் செயல்படுத்தினால் இந்தப் பொருள் உண்டாகும் என்று கேட்கிறார். அவர் விதிகளைச் சொல்வதோடு நிற்க முடியாது; அவற்றைக் கொண்டு அந்தப் பொருளை உண்டாக்கியும் காட்ட வேண்டும். உண்டாக வேண்டியது உண்டாகாவிட்டாலும், உண்டாகக் கூடாதது உண்டாகிவிட்டாலும் அவருடைய விதியில் கோளாறு இருக்கிறது என்று பொருள். 1957இல் அமெரிக்க மொழியியலாளர் நோம் சாம்ஸ்கி தொடரமைப்பைப் பற்றிய தம் நூலில் மொழிக்கு இந்தக் கேள்வியைத்தான் கேட்டார். ‘மீனா பாடினாள்’ என்பது ஒரு தொடர். அதை ‘மீனா பாடினாள் என்று ராணி சொன்னாள்’ என்று இன்னொன்றுக்குள் வைக்கலாம்; அதையும் ‘மீனா பாடினாள் என்று ராணி சொன்னதாகக் கண்ணன் நினைத்தான்’ என்று மற்றொன்றுக்குள் வைக்கலாம். தொடருக்குள் தொடர் அமையலாம் என்ற ஒரே விதி, எண்ணி முடியாத தொடர்களுக்கு வழி திறந்துவிடுகிறது.

ஏஐ வேறு வகை. அங்கே விதியை யாரும் எழுதி வைப்பதில்லை. ஏராளமான பனுவல்களைக் காட்டி, அடுத்து வரக்கூடிய சொல்துண்டு எது என்று கணிக்கும்படி கோடிக்கணக்கான எண்களைச் சிறிது சிறிதாகத் திருத்தி அமைக்கிறார்கள். அதுவும் புதிய தொடர்களை உண்டாக்குகிறது என்பது உண்மை. எந்த விதியால் இந்தத் தொடர் வந்தது என்று கேட்டால், சுட்டிக்காட்ட அதனிடம் எழுதிய விதி இல்லை. உண்டாக்கத் தெரிவதையும் விளக்கத் தெரிவதையும் நாம் பிரித்தே பார்க்க வேண்டும் என்பது என் உறுதியான கருத்து.

மார்கழியில் நேர்ப்புள்ளி வைத்துச் சிக்குக் கோலம் போடுகிறேன். சில புள்ளிக் கணக்கில் கம்பி ஒரே இழையாக ஓடி முடிகிறது; சில கணக்கில் தனித்தனி இழைகளாகப் பிரிந்துவிடுகிறது. இதை முன்கூட்டியே அறிய வழி இருக்கிறதா?
— இல்லத்தரசி, செல்லூர், மதுரை

இருக்கிறது, ஆறாம் வகுப்புக் கணக்கே போதும். எல்லா வரிசையிலும் ஒரே அளவு புள்ளி வைத்து, அடுத்தடுத்த இரு புள்ளிகளுக்கு நடுவே எங்கும் கம்பிகள் குறுக்கே வெட்டிச் செல்லுமாறும், ஓரத்தை அடைந்தால் வளைந்து திரும்புமாறும் போட்டால், இழைகளின் எண்ணிக்கை, வரிசைகளின் எண்ணிக்கைக்கும் வரிசைக்குள்ள புள்ளிகளின் எண்ணிக்கைக்கும் உள்ள மீப்பெரு பொதுக் காரணியே (இரண்டையும் மீதியின்றி வகுக்கும் மிகப் பெரிய எண்ணே) ஆகும். மூன்று வரிசை, வரிசைக்கு நான்கு புள்ளி என்றால் அந்தக் காரணி 1. ஆகவே ஒரே இழை. நான்கு வரிசை, ஆறு புள்ளி என்றால் இரண்டு இழை. நான்கு வரிசை, நான்கு புள்ளி என்றால் நான்கு இழை. சதுரமாகப் புள்ளி வைக்கும்போது கோலம் பிரிந்து பிரிந்து வருவதற்குக் காரணம் இதுதான்.

பிரிந்த இழைகளை ஒன்றாக்கவும் வழி உண்டு. வெவ்வேறு இழைகள் இரண்டு வெட்டிக்கொள்ளும் ஓரிடத்தில், அவற்றை வெட்டவிடாமல் இரு பக்கமும் வளைத்துத் திருப்பிவிட்டால் அந்த இரண்டும் ஓர் இழையாகிவிடும். இப்படி மூன்று இடங்களில், ஒவ்வொரு முறையும் அப்போது வெவ்வேறாக இருக்கும் இழைகளைத் தேர்ந்து செய்தால், நான்குக்கு நான்கு கோலமும் ஒற்றை இழையாகும். பழகிய கைகள் வாசலில் இதைக் கணக்குப் போடாமலே செய்கின்றன.

தாம்பரத்தில் உள்ள சென்னைக் கிறித்தவக் கல்லூரியைச் சேர்ந்த கிஃப்ட் சிரோமணியும் ராணி சிரோமணியும், அவர்களோடு கமலா கிருத்திவாசனும் 1974இல் வெளியிட்ட ஆய்வுக் கட்டுரையில், கோலங்களை உண்டாக்கும் இலக்கணங்களைக் கணினியியலின் முறைப்படி வகுத்துக் காட்டினார்கள். சொற்களுக்குப் பதிலாகக் கோட்டுத் துண்டுகளை அடுக்கும் இலக்கணம் என்று அதைச் சொல்லலாம். அதற்கு ஆறு ஆண்டுகள் முன்பு, ஹங்கேரியில் பிறந்த உயிரியலாளர் அரிஸ்டிட் லிண்டன்மேயர் பாசி இழையின் வளர்ச்சியை எழுத ஒரு முறையை வகுத்திருந்தார்: ‘அ’ வருமிடமெல்லாம் ‘அஆ’ என்று மாற்று, ‘ஆ’ வருமிடமெல்லாம் ‘அ’ என்று மாற்று. அ, அஆ, அஆஅ, அஆஅஅஆ என்று வளரும். எழுத்துகளின் எண்ணிக்கை 1, 2, 3, 5, 8 என்று பெருகும். தாவரங்களுக்காக உண்டான அந்த முறையே பின்னர், கிருஷ்ணர் கொலுசு என்ற கோலத்தைப் போன்று சிறிதிலிருந்து பெரிதாக விரியும் கோலக் குடும்பங்களை வரையவும் உதவியது. வாசலில் அரிசி மாவால் போடும் ஒன்று கணினியியலின் ஆய்வுப் பொருளாக மதிக்கப்பட்டதை நம் பள்ளிப் பாடநூல்கள் இன்னும் விரிவாகச் சொல்ல வேண்டும்.

விதிகளைக் கொண்டு மொழியை விளக்குவது மேல்நாட்டார் கண்ட புதுமையா? தொல்காப்பியமும் யாப்பிலக்கணமும் அதைத்தானே செய்கின்றன?
— ஓய்வுபெற்ற தமிழாசிரியர், உசிலம்பட்டி

பெருமைக்காக இரண்டையும் ஒன்றென்று சொல்லிவிட எனக்கு விருப்பமில்லை. ஆயினும் தங்கள் கேள்வியில் நியாயம் இருக்கிறது. ஏறத்தாழ நாலாயிரம் சூத்திரங்கள் கொண்ட பாணினியின் வடமொழி இலக்கணத்தை ஆக்கமுறைக்கு முன்னோடி என்று மொழியியலாளர்களே ஏற்றுக்கொண்டுள்ளனர். சொற்கள் சேரும்போது நிகழும் மாற்றங்களைக் கூறும் தொல்காப்பியத்தின் புணர்ச்சி விதிகளும் அந்தப் போக்கினவே. மெய்பிறிதாதல் (ஒரு மெய் வேறொன்றாதல்), மிகுதல் (கூடுதல்), குன்றல் (குறைதல்) என்ற மூன்று திரிபுகளுக்குள் பொற்குடமும் யானைக்கோடும் மரவேரும் அடங்கிவிடுகின்றன. பொருளதிகாரத்தை இதே கண்ணால் பார்ப்பது பொருந்தாது.

உண்மையில் வியக்க வேண்டிய இடம் வெண்பா யாப்பு. அதில் வரும் சீர்கள் ஈற்றுச் சீர் நீங்கலாக எட்டு வாய்பாட்டுக்குள் அடங்கும்: தேமா, புளிமா, கூவிளம், கருவிளம், தேமாங்காய், புளிமாங்காய், கூவிளங்காய், கருவிளங்காய். தனிக் குறிலோ நெடிலோ நேரசை; இரு குறிலோ, குறிலும் நெடிலுமோ இணைந்தால் நிரையசை; இரண்டும் ஒற்றடுத்தும் வரலாம். ஒரு சீரை அடுத்த சீரோடு இணைக்கும் விதியே தளை: மாமுன் நிரை, விளமுன் நேர், காய்முன் நேர். முதற் குறளை அலகிட்டு, அதாவது அசை பிரித்துப் பாருங்கள். அகர, முதல இரண்டும் புளிமா; எழுத்தெல்லாம் புளிமாங்காய்; ஆதி தேமா; பகவன், முதற்றே இரண்டும் புளிமா; உலகு பிறப்பு. மா முடியும் இடமெல்லாம் அடுத்த சீர் நிரையில் தொடங்குகிறது. காய் முடியும் ஓரிடத்தில் ‘ஆ’ என்ற நேர் வருகிறது. எங்கும் தளை தட்டவில்லை.

இப்போது ஒரு கணக்கு. முதற் சீருக்கு எட்டு வாய்ப்பு. எட்டு வாய்பாடுகளில் நான்கு நேரில் தொடங்குபவை, நான்கு நிரையில் தொடங்குபவை. ஆகவே எந்தச் சீர் முன்னே நின்றாலும் அடுத்த சீருக்குத் தளை அனுமதிப்பது சரியாக நான்கு. இரண்டாம் சீர் முதல் ஆறாம் சீர் வரை இப்படி நான்கு நான்காகப் பெருகும். ஈற்றுச் சீருக்கு நேரில் தொடங்கினால் நாள், காசு, நிரையில் தொடங்கினால் மலர், பிறப்பு, எப்படியும் இரண்டே. எட்டை ஐந்து முறை நான்கால் பெருக்கி, பின் இரண்டால் பெருக்கினால் 16,384 வரும். குறள் வெண்பாவுக்குச் சீரும் தளையும் அனுமதிக்கும் ஓசை வார்ப்புகள் அத்தனைதான். ஒன்று கூடாது, ஒன்று குறையாது. வள்ளுவர் பாடிய 1,330 குறட்பாக்களும் அவற்றுள் அமைந்தவை. இத்தனை கறாரான விதி, இத்தனை விரிந்த வெளியைத் திறந்துவிடுவதை மாணவர்களுக்குக் காட்டினால், யாப்பு என்றாலே மனப்பாடச் சுமை என்ற எண்ணம் மாறும் என்று நம்புகிறேன். எந்த வார்ப்பில் எந்தப் பொருளை வைப்பது என்பதை மட்டும் தளை விதி சொல்லாது. அது பாடுகிறவரின் பொறுப்பு.

ஏஐயிடம் வெண்பா கேட்டால் தளை தட்டுகிறதே, ஏன்?
— பள்ளி மாணவர், திருமங்கலம்

அது எழுத்தை அசையாகப் பிரித்துப் படிப்பதில்லை. தன் வசதிக்கான துண்டுகளாகப் பிரித்து, அடுத்த துண்டைக் கணிக்கிறது. நேர், நிரை எல்லை அந்தத் துண்டுகளோடு ஒத்துப்போவதில்லை. மேலே சொன்ன தளை விதிகளைச் சோதிக்கும் சிறு நிரல் ஒன்றை நீங்களே எழுதலாம். தட்டும் இடத்தை அது பிழையின்றிக் காட்டும்.

தொடக்கப் பள்ளியில் கற்பிக்கிறேன். இந்த அணுகுமுறை எழுத்தறிவிக்கப் பயன்படுமா?
— ஆசிரியை, பேரையூர்

பயன்பட்டிருக்கிறது. பிரேசில் நாட்டில் கல்வியாளர் பாவ்லோ ஃபிரேய்ரே 1963இல் அங்கிகோஸ் என்ற ஊரில் ஏறத்தாழ முந்நூறு உழைப்பாளிகளுக்குச் சுமார் 40 மணி நேரத்தில் எழுதப் படிக்கக் கற்றுக்கொடுத்தார். கற்பவர்களின் வாழ்வில் கனம் உள்ள சில சொற்களைத் தேர்ந்து, முதலில் அந்தச் சொல் குறிக்கும் நிலைமையைப் பற்றி அவர்களைப் பேசவைத்து, பிறகு சொல்லை அசைகளாகப் பிரித்து, அந்த அசைகளின் குடும்பத்திலிருந்து புதிய சொற்களை அவர்களே உண்டாக்கச் செய்வது அவர் முறை. மறு ஆண்டு அங்கே இராணுவ ஆட்சி வந்ததும் அவர் சிறைப்பட்டு, பின் நாட்டை விட்டு வெளியேற நேர்ந்தது. நம் மாநிலத்தில் 1990களின் தொடக்கத்தில் அறிவொளி இயக்கத்தில் உழைத்தவர்களுக்கு இந்தச் சிந்தனை புதிதன்று.

தமிழில் இதற்கு எழுத்து முறையே துணை நிற்கிறது. ‘பட்டா’ என்ற சொல்லை எடுத்துக்கொள்ளுங்கள். தங்கள் பகுதியில் அதைப் பற்றிப் பேச்சில்லாத வீடு இராது. பேசிய பிறகு ப, ட என்ற இரண்டு மெய்களின் வரிசைகளை மட்டும் கரும்பலகையில் எழுதுங்கள்; புள்ளி வைத்த எழுத்தையும் சேருங்கள். படி, பிடி, பாட்டு, பாட்டி, பட்டு, பூட்டு, பெட்டி, பேட்டை என்று பிள்ளைகளே கோத்து எடுப்பார்கள். யாராவது ‘பட்டி’ என்று கோத்ததும் தம் ஊர்ப் பெயரின் கடைசிப் பகுதியை எழுதத் தெரிந்துகொண்டதைக் கண்டுகொள்வார்கள். பொருளற்ற கோவையும் வரும். ‘டீப்பு’ என்று ஒரு குழந்தை எழுதினால் உடனே அடித்துவிடாமல், தமிழில் எந்த எழுத்து சொல்லுக்கு முதலில் வரும், எது வராது என்று அதைக் கொண்டே பேசலாம். எழுத்துகள் 247ஐயும் முடித்த பிறகே சொல் என்று காத்திருக்க வேண்டியதில்லை.

எங்கள் கண்மாய் என் தகப்பனார் காலத்தில் மூன்றாவது நல்ல மழைக்கே மறுகால் பாயும். இப்போது பாய்வதில்லை. மேல் கண்மாய்க்காரர்கள் கலுங்கை உயர்த்தியதால் என்கிறார்கள் சிலர். வரத்துக்கால் ஆக்கிரமிப்பால் என்கிறார்கள் சிலர். கணினி மாதிரி இதைத் தீர்த்து வைக்குமா?
— விவசாயி, மேலூர்

தீர்ப்புச் சொல்லாது, எங்கே போய்ப் பார்க்க வேண்டும் என்று சொல்லும். கண்மாய் நிறைந்ததும் மிகை நீர் வெளியேறும் வழி கலுங்கு; அப்படி வழிவதே மறுகால்; கண்மாய்க்கு நீர் கொண்டுவருவது வரத்துக்கால். கண்மாய்ச் சங்கிலியை மாதிரியாக்குவது எளிது. ஒவ்வொரு கண்மாய்க்கும் ஒரே விதி: வந்த நீரைச் சேர்த்துக்கொள், கொள்ளளவை மீறியதைக் கீழ்க் கண்மாய்க்கு அனுப்பு. ஆவியாவதையும் மடையில் விடுவதையும் இப்போதைக்கு விட்டுவிடுவோம்.

மேல் கண்மாயின் கொள்ளளவு 10 பங்கு, தங்களுடையது 6 பங்கு என்று கொள்வோம். ஒரு மழைக்கு மேலே 5 பங்கும் தங்கள் கண்மாய்க்கு நேரடியாக 1 பங்கும் வருகின்றன. இரண்டு மழையில் மேல் கண்மாய் நிறைந்துவிடும். தங்களிடம் 2 பங்கு நிற்கும். மூன்றாம் மழையில் மேலிருந்து 5 பங்கு முழுவதும் இறங்க, தங்களிடம் 8 ஆகி, 2 பங்கு மறுகால் பாயும். இனி மேல் கலுங்கை உயர்த்தி 13 பங்கு தேக்கினார்கள் என்று வையுங்கள். மூன்றாம் மழையில் 2 பங்குதான் இறங்கும், தங்களிடம் 5 பங்கு, மறுகால் இல்லை. கலுங்கு பழைய உயரத்திலேயே இருந்து, வரத்துக்கால் குறுகியதால் 5 பங்கில் 2 மட்டுமே வந்து சேர்ந்தாலும் தங்களிடம் அதே 5 பங்குதான். காரணம் வேறு, விளைவு ஒன்று. ஒரு மாதிரி உண்மையோடு பொருந்திவிட்டது என்பதற்காக அதிலுள்ள விதிதான் உண்மை என்று முடிவு கட்டக் கூடாது என்பதற்கு இதைவிடத் தெளிவான எடுத்துக்காட்டு வேண்டியதில்லை. ஊரில் ஒரு சாராரைக் குற்றம் சாட்டும் நிலையில் இந்த எச்சரிக்கை மிகவும் முக்கியம்.

நான்காம் மழைக்கு மாதிரியை ஓட்டிப் பாருங்கள். கலுங்கு உயர்ந்திருந்தால் மேல் கண்மாய் ஏற்கெனவே நிறைந்திருப்பதால் 5 பங்கும் இறங்கி, தங்களிடம் 11 ஆகி, 5 பங்கு மறுகால் பாயும். வரத்துக்கால்தான் காரணம் என்றால் 8 ஆகி, 2 பங்கே பாயும். ஆகவே மழை மிகுந்த ஆண்டுகளில் மறுகால் எப்படிப் பாய்ந்தது என்பதே வழக்கைப் பிரிக்கும் சாட்சி. ஐப்பசி மழைக்கு முன் மேல் கலுங்கின் உயரத்தையும், வரத்துக்காலின் அகலத்தைத் தலைப்பு முதல் கண்மாய் வரை பல இடங்களிலும் இரு ஊர்க்காரர்களும் சேர்ந்து நின்று அளந்து எழுதி வையுங்கள். மழை தொடங்கியதும் ஒவ்வொரு மழைக்கும் இரு கண்மாய்களிலும் நீர்மட்டம் எவ்வளவு ஏறியது, எந்தத் தேதியில் மறுகால் பாய்ந்தது என்று குறித்து அனுப்புங்கள். அந்தக் குறிப்புகளைக் கொண்டு உண்மையான அளவுகளில் மாதிரியை ஓட்டி, விவரத்தை இதே பகுதியில் எழுதுகிறேன்.